சிஸ்டம் படுத்தால் யாரைக் கூப்பிடுவது? ஐடி பழுதுகளைச் சரியான ஆளிடம் சேர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஐடி சேவை நின்றுபோனால், சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பழைய டிக்கெட்டுகளை, அதாவது பழுதுப் பதிவுகளைத் திறந்து நேரத்தை வரிசையாகப் பார்த்தால் பல இடங்களில் வேறு விஷயம் தெரியும். விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்ததும் கால் மணி நேரத்தில் முடித்திருப்பார், அவரிடம் அது போய்ச் சேரத்தான் இரண்டு மூன்று மணி நேரம் போயிருக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பது பற்றித்தான் இந்தப் பக்கம். சர்வீஸ் டெஸ்க்கில் (புகார்களை முதலில் வாங்கும் இடத்தில்) இருப்பவர்கள், ஆன்-கால் (முறை வைத்து எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்கும் வேலை) பார்ப்பவர்கள், டீம் லீட்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அலர்ட் எல்லாம் குழு மெயிலுக்குப் போகிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். அது போதாதா?

போதாது. இருபத்தைந்து பேர் இருக்கும் முகவரிக்கு ஓர் அலர்ட் போனால், மற்றவர்களில் யாரோ பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். மனிதர்கள் அப்படித்தான், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அனுப்பும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு மிக வேதனையான உதாரணம் நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய மென்பொருளோடு சந்தைக்கு வந்தார்கள், ஆனால் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் அது ஏற்றப்படவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய உள் சிஸ்டம் 97 மெயில்களை ஊழியர் குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தது, கோளாறின் அறிகுறி அந்த மெயில்களிலேயே இருந்தது. ஆனால் அவற்றை யாரும் அலர்ட்டாக வடிவமைக்கவில்லை, வந்ததும் திறந்து பார்க்கும் வழக்கமும் இல்லை. சந்தை திறந்து 45 நிமிடங்களில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. சிஸ்டம் சொல்லத்தான் செய்தது, கேட்க வேண்டிய ஆள் என்று யாரையும் வைக்கவில்லை.

இன்னொன்று கிட்லாப், மென்பொருள் கோடை வைத்துப் பகிரும் இணையச் சேவை. 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய முக்கிய டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பேக்கப் தோற்றதைச் சொல்லும் மெயில்கள் கிளம்பிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் மெயில் உண்மையில் அந்த முகவரியிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் பக்கத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டன. அதனால் அலர்ட் அமைத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறையாவது பொய்யாக ஓர் அலர்ட்டைக் கிளப்பி அது ஒரு மனிதரின் கையில் போய் விழுகிறதா என்று பாருங்கள்.

சரி, அப்படியானால் மெயில் எதற்கு? பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் போன் அடிக்க வேண்டும், ஒரே ஒருவருக்கு அடிக்க வேண்டும், அவர் “நான் எடுத்துக்கொண்டேன்” என்று அழுத்தும் வரை நிற்கக் கூடாது.

அந்த “ஒருவர்” யார் என்று எப்படித் தெரியும்?

பழுது வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். ராத்திரியில் “இது யாருடைய சர்வர்?” என்று சாட் குழுவில் கேட்கும் நிலை வந்தால், அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

சேவைப் பட்டியல் ஒன்று போதும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஆரம்பத்தில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தாராளமாகப் போதும்: சேவையின் பெயர், பொறுப்பான டீம், அந்த டீமின் ஆன்-கால் எண், அது எதையெல்லாம் நம்பி ஓடுகிறது. பொறுப்பாளர் இடத்தில் ஊழியரின் பெயரை எழுதாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போவார், டீம் மாறுவார், லீவில் இருப்பார். டீமை எழுதுங்கள், இன்றைக்கு யார் என்பதை ஆன்-கால் அட்டவணை சொல்லட்டும்.

எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயம் கண்டிப்பாக வெளியே வரும். யாருக்கும் சொந்தமில்லாத சேவைகள் சில இருக்கும். ஆர்டர் சிஸ்டத்துக்கும் பேமெண்டுக்கும் நடுவே ஓடும் பழைய ஸ்கிரிப்ட், எழுதியவர் போய்ப் பல வருஷமான ரிப்போர்ட் ஜாப், புதுப்பிக்க யாரும் ஞாபகம் வைத்திருக்காத சர்டிபிகேட். இவை ஒவ்வொன்றுக்கும் இன்றே ஒரு டீமின் பெயர் வேண்டும். டீம்கள் மறுப்பார்கள், “நாங்கள் எழுதியதில்லையே” என்பார்கள். அந்த விவாதம் இப்போது அமைதியாக நடக்கட்டும், இல்லையென்றால் சேவை படுத்திருக்கும்போது எல்லார் முன்னாலும் நடக்கும்.

டீம்கள் மாற்றி அமைக்கப்படும் ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டியலைத் திருத்துங்கள். பட்டியல் கெட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான்.

டிக்கெட் டீம் டீமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

இதுதான் மிக அதிகம் வரும் கேள்வி, நேரம் அதிகம் வீணாவதும் இங்கேதான். சுற்றல் எப்படி நடக்கும் என்று ஒரு கற்பனை டிக்கெட்டில் பார்க்கலாம்.

10:05 — “லாகின் ஸ்லோ.” சர்வீஸ் டெஸ்க் இதை அப்ளிகேஷன் டீமுக்கு அனுப்புகிறது.
10:50 — “அப்ளிகேஷன் லாகில் எரர் இல்லை. நெட்வொர்க் பார்க்கவும்.”
11:40 — “பாக்கெட் லாஸ் இல்லை. டேட்டாபேஸ் பார்க்கவும்.”
12:30 — “டேட்டாபேஸ் சிபியு 20 சதவீதம்தான். அப்ளிகேஷன் டீம் மறுபடி பார்க்கவும்.”

இரண்டரை மணி நேரம் போய்விட்டது. மூன்று டீமும் பொய் சொல்லவில்லை, தங்கள் பக்கம் நன்றாக இருக்கிறது என்பது உண்மை. பிரச்சினை பயனரின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டைரக்டரி சர்வரில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் யாருடைய டிக்கெட்டிலும் அதன் பெயர் வரவில்லை.

இதற்கு நான் வற்புறுத்திச் சொல்வது மூன்று விஷயம். ஒன்று, அடுத்த டீம் ஏற்றுக்கொள்ளும் வரை டிக்கெட் உங்களுடையதுதான். க்யூவில் தள்ளிவிட்டால் கை கழுவியாகிவிட்டது என்ற பழக்கத்தை லீட்கள் வெளிப்படையாகவே தடுக்க வேண்டும். இரண்டு, “எங்கள் பக்கம் ஓகே” என்று மட்டும் எழுதக் கூடாது. எதைப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அடுத்த டீமை ஏன் சந்தேகிக்கிறீர்கள் என்று எழுத வேண்டும். மூன்று, இரண்டு முறை கை மாறிய டிக்கெட்டை மூன்றாவது முறை மாற்றவே கூடாது. சம்பந்தப்பட்ட டீம்களில் இருந்து டீமுக்கு ஒருவரை ஒரே கான்ஃபரன்ஸ் அழைப்பில் பதினைந்து நிமிடம் உட்கார வையுங்கள். மேலே சொன்ன லாகின் விவகாரத்தில் மூன்று பேரும் ஒன்றாக ஒரு பயனரின் கோரிக்கை எந்தெந்த வழியாகப் போகிறது என்று வரைந்திருந்தால், டைரக்டரி சர்வர் தானாகவே படத்தில் வந்து நின்றிருக்கும்.

டிக்கெட்டில் என்ன எழுதினால் நேராக உரிய இடத்துக்குப் போகும்?

“சிஸ்டம் வேலை செய்யவில்லை, அர்ஜெண்ட்” என்று எழுதினால் யாராலும் அனுப்ப முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“காலை 9:40 முதல் இன்வாய்ஸ் பக்கத்தில் ‘சேவ்’ அழுத்தினால் 504 எரர். கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் வருகிறது, விற்பனைப் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. நேற்று மாலை வரை சரியாக இருந்தது. ஸ்க்ரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். 12 மணிக்குள் இன்வாய்ஸ் போகாவிட்டால் இன்றைய டெஸ்பாட்ச் நின்றுவிடும்.”

எப்போதிருந்து, யாருக்கு, யாருக்கு இல்லை, எந்த எரர், எதற்குள் வேண்டும், எல்லாம் இதில் இருக்கிறது. “யாருக்கு இல்லை” என்பதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பார்ப்பவருக்கு அதிலிருந்துதான் தேடும் இடம் பாதியாகக் குறைகிறது. பயனர் இப்படி எழுதவில்லை என்றால் சர்வீஸ் டெஸ்க் போன் செய்து கேட்டு எழுத வேண்டும். அந்த இரண்டு நிமிட போன், பின்னால் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பி1 (மிக அவசரம்), பி2 (அதற்கு அடுத்தது) என்று யார் முடிவு செய்வது? எல்லாரும் தங்களுடையதை பி1 என்கிறார்களே.

எத்தனை பேரை எவ்வளவு பாதிக்கிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முன்னுரிமை. ஐடி சேவை நிர்வாகத்துக்கான ஐடிஐஎல் முறையும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் “அதிக பாதிப்பு” என்று பொதுவாக எழுதி வைத்தால் தினமும் சண்டைதான். உங்கள் சேவைகளின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்: “எந்த வாடிக்கையாளராலும் பணம் செலுத்த முடியவில்லை என்றால் பி1. ஒரு கிளையில் மட்டும் பிரிண்டர் இல்லை என்றால் பி3.” பத்துப் பதினைந்து உதாரணம் எழுதிவிட்டால் பெரும்பாலான வாக்குவாதம் அடங்கிவிடும்.

சந்தேகம் வந்தால் பெரியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் குறைத்துக்கொள்ளலாம். பி1 என்று கூப்பிட்டது தவறாகப் போனதற்காக யாரையும் கண்டிக்காதீர்கள். ஒரு தடவை கண்டித்தால் போதும், அடுத்த தடவை நிஜமான பி1 வரும்போது அந்த ஆள் தயங்குவார்.

ராத்திரி 2 மணிக்கு ஒருவரை எழுப்பலாமா?

பி1 என்றால் தயங்காமல் எழுப்புங்கள், அதற்குத்தான் ஆன்-கால். ஆனால் எழுந்தவருக்கு அப்போதே செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். “டிஸ்க் 80 சதவீதம் நிரம்பிவிட்டது” என்பது காலை 9 மணிக்குப் பார்க்க வேண்டிய டிக்கெட். “இன்னும் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும்” என்பதுதான் போன் அடிக்க வேண்டிய அலர்ட்.

இதில் டீம்களின் ஆரோக்கியமும் அடங்கியிருக்கிறது. கூகுளில் சேவைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்ஈ டீம்கள் 12 மணி நேர ஷிப்டுக்கு இரண்டு சம்பவங்கள்தான் உச்சவரம்பு என்று வைத்துக்கொண்டது வெளியே பலருக்கும் தெரிந்த விஷயம். ஒன்றை முழுதாகப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, எழுதி முடிக்க மணிக்கணக்கில் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. ஒரு ராத்திரியில் இருபது முறை போன் அடித்தால் இருபத்தோராவதை அவர் தூக்கத்திலேயே அமர்த்திவிடுவார், அது நிஜமானதாக இருக்கும். ஒன்றும் செய்யத் தேவையில்லாத அலர்ட் இரண்டாவது முறை வந்தால் அதை நிறுத்துங்கள் அல்லது திருத்துங்கள். ராத்திரி விழித்தவருக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள், இதைச் சலுகையாக நினைக்காதீர்கள்.

ஆன்-கால் ஆள் போனை எடுக்கவில்லை என்றால்?

சிஸ்டமே அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால் மறுபடி அவருக்கு, பத்தாவது நிமிடம் இரண்டாம் ஆளுக்கு, பதினைந்தாவது நிமிடம் டீம் லீடுக்கு. இந்த எண்கள் உங்கள் சேவையைப் பொறுத்து மாறலாம், ஆனால் யாரோ ஒருவர் யோசித்து யோசித்துக் கூப்பிடும் நிலை மட்டும் வேண்டாம். ஷிப்ட் தொடங்கும்போது ஒரு சோதனை அழைப்பு வரட்டும். போன் சைலண்டில் இருந்தாலும் அந்த எண் மட்டும் ஒலிக்கும்படி அமைக்கலாம், அதைப் புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

மேனேஜருக்கு எஸ்கலேட் பண்ணினால் (மேலே கொண்டுபோனால்) வேகமாகுமா?

எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தொழில்நுட்பம் தெரிந்த ஆள் வேண்டும் என்றால் பக்கவாட்டில் போங்கள், அடுத்த நிலை எஞ்சினியரிடம். முடிவு எடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றால் மேலே போங்கள்: பணம் செலவாகும், சேவையை நிறுத்த வேண்டும், இன்னொரு துறை ஆள் தர மறுக்கிறது. இரண்டையும் குழப்பினால் மேனேஜர் கான்ஃபரன்ஸ் அழைப்பில் வந்து “எப்போது முடியும்?” என்று கேட்டுக்கொண்டிருப்பார், சரிசெய்பவர் வேலையை விட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

பெரிய பழுதில் கான்ஃபரன்ஸ் அழைப்பில் நாற்பது பேர் வந்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், அவர் கீபோர்டைத் தொடக் கூடாது. இன்சிடென்ட் கமாண்டர் என்ற இந்தப் பொறுப்பு ஐடி உலகத்துக்குத் தீயணைப்புத் துறையிலிருந்து வந்தது. 1970-ல் கலிபோர்னியாவில் பெரும் காட்டுத்தீக்கள் பரவியபோது பல துறைகள் ஒரே இடத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் தடுமாறின, அதிலிருந்து உருவான முறை அது. ஒருவரின் கீழ் நேரடியாக மூன்று முதல் ஏழு பேர் வரைதான் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அழைப்பில் இருக்கும் நாற்பது பேருக்கும் இதே விதிதான்.

கமாண்டர் பேச வேண்டிய பேச்சு மிக எளிமையானது. “டேட்டாபேஸ் டீமிலிருந்து யார்? நீங்கள் ரெப்ளிகாவை (டேட்டாபேஸின் நகலை) பாருங்கள், பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறேன். மற்ற டேட்டாபேஸ் ஆட்கள் போகலாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்.” வேலையை “யாராவது பாருங்கள்” என்று காற்றில் விடக் கூடாது, பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும், நேரம் சொல்லிக் கேட்க வேண்டும். தகவல் எழுதி அனுப்ப வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். பயனர்களுக்கும் மேலிடத்துக்கும் அரை மணிக்கு ஒருமுறை அவரிடமிருந்து செய்தி போனால், “என்ன ஆச்சு?” என்று கேட்டு உள்ளே வருபவர்கள் தானாகவே குறைவார்கள். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் அதையே சொல்லுங்கள்.

தகவல் சொல்லும் சிஸ்டமே படுத்துவிட்டால்?

நடந்திருக்கிறது, அதுவும் மிகப் பெரிய இடங்களில். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற தரவு சேமிப்புச் சேவை நின்றபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் அவர்களுடைய பக்கத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சரியாகத் திருத்த முடியவில்லை. அந்தப் பக்கத்தை நிர்வகிக்கும் கன்சோலும் எஸ்3-ஐ நம்பித்தான் ஓடியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கைத் துண்டித்தது, இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் எட்டாமல் போனது, பழுதைப் பார்க்க வேண்டிய உள் கருவிகளும் அதோடு போயின. ஆட்களை நேரில் டேட்டா சென்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அங்கே உள்ளே போகவும் நேரம் பிடித்தது.

அதனால் ஆன்-கால் எண்களையும் மிக முக்கியமான ரன்புக்குகளையும் (பழுது வந்தால் என்ன செய்வது என்ற குறிப்புகளையும்) உங்கள் நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருங்கள். சாட் வேலை செய்யாவிட்டால் எந்தக் கான்ஃபரன்ஸ் எண்ணில் கூடுவது என்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும். அச்சடித்த தாள்கூட நல்லதுதான்.

பிரச்சினை வெண்டார் பக்கம் என்றால் நம் வேலை முடிந்ததா?

முடியவில்லை. வெண்டாரிடம் டிக்கெட் போட்டாலும் உங்கள் பக்கம் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஒப்பந்த எண், சப்போர்ட் போன், எந்த நிலை சப்போர்ட் வாங்கியிருக்கிறீர்கள், யார் பெயரில் கேஸ் திறக்க அனுமதி இருக்கிறது, இந்த விவரங்கள் சேவைப் பட்டியலிலேயே இருக்கட்டும்.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட்டை அவர்கள் 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் அதற்குள் பாதிக்கப்பட்டிருந்தன, பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அன்றைக்குச் சரியான ஆள் என்பது வெண்டாரின் எஞ்சினியர் இல்லை, ஒவ்வொரு கட்டடத்திலும் கம்ப்யூட்டரைக் கையால் தொடக்கூடிய ஆள், கூடவே பூட்டப்பட்ட டிஸ்க்கைத் திறக்கும் பிட்லாக்கர் ரெகவரி கீ எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள். எந்த இடத்துக்கு யார் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஹேக்கிங் போலத் தெரிந்தால் இதே வழியில் அனுப்பலாமா?

வேண்டாம். பாதுகாப்புச் சம்பவம் என்று சந்தேகம் வந்த நொடியே செக்யூரிட்டி டீமுக்கு நேர் வழி இருக்க வேண்டும். எல்லாரும் படிக்கக்கூடிய டிக்கெட்டில் விவரம் எழுதக் கூடாது, சர்வரை அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்து தடயத்தை அழிக்கவும் கூடாது. சட்டக் காலக்கெடுவும் ஓடத் தொடங்கிவிடும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் விதியில் தனிநபர் தரவு கசிவு தெரிந்து 72 மணி நேரம், இந்தியாவில் சைபர் சம்பவங்களைச் செர்ட்-இன் என்ற அரசு சைபர் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்ல 6 மணி நேரம். சட்டப் பிரிவின் எண்ணும் சேவைப் பட்டியலில் இருக்கட்டும்.

ஐடியில் மொத்தமே இரண்டு பேர்தான். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

சேவைப் பட்டியலும் போன் எண்களும் வேண்டும், மற்றதை விட்டுவிடுங்கள். வாரம் ஒருவர் முதல் ஆள், மற்றவர் இரண்டாம் ஆள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இருவருக்கும் தெரியாத விஷயத்துக்கு வெளியே யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வையுங்கள்.

ஏஐ வைத்து டிக்கெட்டைத் தானாகப் பிரித்து அனுப்பலாமா?

அனுப்பலாம், பழைய டிக்கெட்டுகள் சரியான டீம் பெயரோடு மூடப்பட்டிருந்தால் நன்றாகவே வேலை செய்யும். தப்பான டீம் பெயரோடு மூடியிருந்தால் அதே தப்பை வேகமாகச் செய்யும். பி1 விஷயத்தில் மட்டும் கடைசி முடிவு ஒரு மனிதரிடம் இருக்கட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடைசியாக வந்த பத்துப் பெரிய பழுதுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நேரங்களை எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எப்போது நமக்குத் தெரிந்தது, சரிசெய்தவர் எப்போது கையில் எடுத்தார், சேவை எப்போது திரும்பியது. பக்கத்திலேயே எத்தனை டீம் கை மாறியது என்பதையும் குறியுங்கள். முதல் இடைவெளி பெரியதாக இருந்தால் மானிட்டரிங்கில் வேலை இருக்கிறது. நடு இடைவெளி பெரியதாக இருந்தால், அதில் எந்தச் சேவையின் பெயர் அடிக்கடி வருகிறதோ அதற்கு இந்த வாரமே பொறுப்பாளரை முடிவு செய்து, அந்த எண்ணுக்கு ஒரு சோதனை அழைப்பு விட்டுப் பாருங்கள்.